கால்பங்கு நிலம் யாருக்காக?

புலம்பெயர் தமிழரின் சமூக வாழ்வு பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை கோவில், தமிழ்ப் பாடசாலை, கலைவிழா ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. இவை யாவும் வார இறுதிக்குரியவை. திங்கள் முதல் வெள்ளி வரை அதே மக்கள் எங்கே, எவ்வாறு வாழ்கின்றனர் என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சிட்னியின் மேற்குப் புறநகரான பென்டில் ஹில்லிலும் அதனை அண்டிய வென்ட்வேர்த்வில், டூங்காபி, வெஸ்ட்மீட் ஆகிய இடங்களிலும் அக்கேள்விக்கான விடை மாறிக்கொண்டு வருகின்றது. தனிவீடு, பின்வளவு, கறிவேப்பிலை மரம் என்ற கனவோடு இந்நாட்டுக்கு வந்த சமூகத்தின் பல குடும்பங்கள் இன்று தொடர்மாடிகளில் வாழ்கின்றன.

2021ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி அவுஸ்திரேலியாவில் 25 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது பத்துப் பேரில் ஒருவர், தொடர்மாடிகளில் வசித்தனர். வீட்டில் தமிழ் பேசுவோரின் எண்ணிக்கை 2011இல் ஏறத்தாழ 50,000 ஆக இருந்து 2021இல் 95,000ஐத் தாண்டியது. இவ்விரு வளர்ச்சிகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களுள் பென்டில் ஹில்லும் ஒன்றாகும். புகையிரத நிலையத்தை ஒட்டிய தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயும் இடியப்பமும் வாங்கிக்கொண்டு, தெரிந்தவர்களோடு நின்று கதைத்துவிட்டுச் செல்லும் ஒருவர், தனது கட்டடத்துக்குள் நுழைந்ததும் எவரோடும் கதைப்பதில்லை. எதிர்க்கதவில் வசிப்பவரின் பெயர் அவருக்குத் தெரியாது. கடைத்தெருவில் ஊர் இருக்கின்றது. கட்டடத்துக்குள் அது இல்லை.

இந்நிலைக்குக் காலமும் வேலைப்பளுவும் மட்டும் காரணமல்ல. கட்டடத்தின் அமைப்பும், அதனை ஆளும் விதிகளும், அவ்விதிகள் எழுதப்படும் கூட்டங்களில் தமிழர் இல்லாதிருப்பதும் காரணங்களாகும்.

இருவகைக் கட்டடங்கள்

இப்பகுதியில் இருவகைத் தொடர்மாடிகளைக் காணலாம். முதலாவது வகை, 1960களிலும் 1970களிலும் எழுந்த மூன்று மாடிச் செங்கற் கட்டடங்கள். அவற்றில் மின்தூக்கி இல்லை. முழங்கால் நோவுள்ள முதியவர் ஒருவர் மேல்மாடியில் குடியிருந்தால், வாரத்தில் இரு தடவைக்கு மேல் கீழே இறங்க மாட்டார். எனினும் அக்கட்டடங்களின் பின்புறத்தில் எல்லோருக்கும் பொதுவான உடுப்புக் கொடி இருந்தது. தொண்ணூறுகளில் வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அயலவரை முதன்முதலில் அறிந்துகொண்டது அந்தக் கொடியடியில்தான்.

இரண்டாவது வகை, கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த உயரமான கட்டடங்கள். இம்மாற்றத்துக்கு டன்மோர் வீதியே சாட்சி. உள்ளாடைகளுக்குப் பேர்போன பாண்ட்ஸ் நிறுவனத்தின் பஞ்சு நூற்பாலை 1923இல் இப்பகுதியில் தொடங்கியது. 2009இல் அதன் தாய் நிறுவனம் அவுஸ்திரேலியாவிலிருந்த தனது ஆலைகளை மூடுவதாக அறிவித்தது. பின்னர் அந்நிலம் குடியிருப்புக்கென மாற்றப்பட்டது. புதிய கட்டடங்களில் மின்தூக்கியும் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடமும் உண்டு. உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. வாகனத்திலிருந்து இறங்கி மின்தூக்கியில் ஏறிக் கதவைத் திறக்கும் வரை ஒருவரையும் காணாமலே வாழ்ந்துவிடலாம். வசதி கூடியபோது சந்திப்பு குறைந்தது.

சட்டம் தரும் கால்பங்கு

ஒரு கட்டடத்தின் வீடுகளைத் தனித்தனி உறுதியோடு விற்று, நிலம், படிக்கட்டு, கூரை ஆகியவற்றை எல்லா உரிமையாளருக்கும் பொதுவாக்கும் ஸ்ட்ராட்டா முறை, 1961இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலேயே சட்டமாக்கப்பட்டது. பின்னர் சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள் அதனைப் பின்பற்றின. 2002இல் இம்மாநில அரசு தொடர்மாடிகளின் வடிவமைப்புத் தரத்துக்கெனத் தனியான திட்டமிடற் கொள்கையொன்றைக் கொண்டுவந்தது. 2015இல் அதற்குத் துணையாகத் தொடர்மாடி வடிவமைப்பு வழிகாட்டி வெளியிடப்பட்டது. 2023 டிசெம்பரில் அக்கொள்கை பொதுவான வீடமைப்புக் கொள்கைக்குள் சேர்க்கப்பட்ட போதிலும் வழிகாட்டி தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது. விக்டோரியா மாநிலமும் 2017இல் தனக்கான தரங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தமையால், மெல்பேர்ண் தமிழருக்கும் இவ்விடயம் புறம்பானதல்ல.

நியூ சவுத் வேல்ஸ் வழிகாட்டியின்படி இரு படுக்கையறை வீட்டின் உட்பரப்பு குறைந்தது 70 சதுர மீட்டர். மூன்று படுக்கையறை வீட்டுக்கு 90. இரு படுக்கையறை வீட்டின் பல்கனி 10 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். இவற்றோடு, மொத்தக் காணியின் 25 வீதத்துக்குச் சமமான பரப்பு குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவான திறந்த வெளியாக அமைய வேண்டும் என்கின்றது வழிகாட்டி. அதாவது, காணியின் கால்பங்கு.

எழுபது சதுர மீட்டருக்குள் தாய், தந்தை, இரு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த அம்மம்மா என ஐவர் வாழும் குடும்பத்துக்கு இந்தக் கால்பங்கு ஓர் ஆடம்பரமன்று. வீட்டில் இல்லாமற்போன ஓர் அறையாகும். சொந்தக் காணி உள்ளவர்கள், 2009இல் இலகுவாக்கப்பட்ட விதிகளின்படி, பின்வளவில் 60 சதுர மீட்டர் வரையான சிறுவீடு ஒன்றைக் கட்டிப் பெற்றோரை அதில் இருத்தினர். தொடர்மாடியில் வாழும் குடும்பத்துக்கு அந்த வழி கிடையாது. அதற்கு இருப்பது பொதுவெளி மாத்திரமே.

அந்தப் பொதுவெளியின் முதன்மையான பகுதியில் பாதிக்காவது, குளிர்கால நடுவில், அதாவது ஜூன் 21ஆம் திகதி, காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணிநேரம் நேரடி வெயில் கிடைக்க வேண்டும் என்பதும் வழிகாட்டியின் அளவுகோலாகும். இந்த நேரத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். வார நாட்களில் அவ்வேளையில் பெற்றோர் வேலையில் இருப்பர். பிள்ளைகள் பாடசாலையில் இருப்பர். கட்டடத்தில் எஞ்சியிருப்போர் முதியோரும் மழலைகளுமே. சட்டம் பாதுகாத்துத் தரும் அந்த வெயில் உண்மையில் அம்மம்மாவுக்குரியது. ஆனால் பல கட்டடங்களில் அங்கே முதுகு சாயக்கூடிய வாங்கு கிடையாது. கைபிடித்து இறங்கச் சட்டம் கிடையாது. அண்மையில் மலசலகூடமும் கிடையாது. பார்ப்பதற்கென நடப்பட்ட புற்களும் கற்களுமே உள்ளன.

பிள்ளைகளின் நேரமோ பிற்பகல் நான்கு மணிக்குப் பின்னரே தொடங்குகின்றது. ஜூன் மாதத்தில் சிட்னியில் ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அதன் பின் ஒளியும் கூரையும் உள்ள ஓர் அறையே அவர்களுக்குப் பயன்படும். வழிகாட்டி வலியுறுத்துவது திறந்த வெளியையே; சிறிய காணிகளில் அது இயலாதபோது மேற்தளத் தோட்டமோ பொது அறையோ மாற்றாக அமையலாம் என்ற அளவிலேயே அறைக்கு இடமளிக்கின்றது. தொடர்மாடிகள் பிள்ளைகள் இல்லாதோருக்கானவை என்ற எண்ணத்திலேயே நகரங்கள் திட்டமிடப்படுகின்றன என்று நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இலேயே சுட்டிக்காட்டியிருந்தனர். பென்டில் ஹில் கட்டடங்களின் மாலைநேர முன்கூடங்களில் புத்தகப் பையோடு நிற்கும் பிள்ளைகள் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றனர்.

பூட்டிய கதவின் வரலாறு

பொதுவெளி வெறுமையாகக் கிடப்பதற்கு வடிவமைப்பு மட்டும் காரணமல்ல. தமிழ்ப் பெற்றோரின் மனத்திலும் ஒரு காரணம் உள்ளது. இளையோர் அதனை அறிந்துகொள்ளுதல் நல்லது.

போர்க்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பல குடும்பங்களின் முதற் தொடர்மாடி அனுபவம் கொழும்பு வெள்ளவத்தையிலேயே ஏற்பட்டது. அங்கே பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, அடையாள அட்டைச் சோதனை என்பன நாளாந்த வாழ்வாயின. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டே அது நிறுத்தப்பட்டது. இரவில் படிக்கட்டில் கேட்கும் காலடி ஓசை அச்சத்தின் ஓசையாக இருந்த ஒரு தலைமுறை, கதவைப் பூட்டி, குரலைத் தாழ்த்தி, அயலவரோடு அளவாகப் பழகக் கற்றுக்கொண்டது. அக்கல்வி அன்று உயிரைக் காத்தது. அதனையே சிட்னிக்கும் சுமந்து வந்து, பிள்ளைகளை அறைக்குள் இருத்துவது இன்று எவரையும் காப்பதாக இல்லை.

அதற்கும் முந்திய கல்வி ஒன்றும் தமிழருக்கு உண்டு. யாழ்ப்பாணத்து வீடுகளின் வாசலில் இருந்த சங்கடப் படலை, கூரையும் இருக்கையும் கொண்டது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் அதில் ஒதுங்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அப்பால் முற்றத்துக்குள் அழைப்பின்றி எவரும் செல்வதில்லை. பருத்தித்துறையில் இன்றும் நிற்கும் தெருமூடி மடம் இன்னும் ஒருபடி மேலானது. தெருவின் மேலேயே கூரை வேய்ந்து, இருபுறமும் கற்தூண்களும் உயர்ந்த திண்ணைகளும் அமைத்து, போவோர் வருவோர் இளைப்பாற வழிசெய்திருக்கின்றனர். வீதி வீதியாகவும் இருந்தது, இருப்பிடமாகவும் இருந்தது.

பழமையைப் போற்றுவதற்காக இவற்றை நினைவூட்டவில்லை. அந்த ஊர்த் தெருக்களில் எல்லாச் சாதியினரும் சரிசமமாக அமர முடிந்ததில்லை என்பதும் உண்மையே. எடுத்துக்கொள்ள வேண்டியது அமைப்பின் நுட்பத்தை மட்டுமே: முழுவதும் தனியாருமல்லாத, முழுவதும் ஊரவருமல்லாத ஓர் இடைவெளி; அதில் நிழல், இருக்கை, கடந்து செல்வோரைக் காணும் வசதி. மின்தூக்கிக்கு முன்னாலுள்ள கூடத்தில் ஒரு யன்னலும் ஒரு வாங்கும் இருந்தால் அது ஒரு சங்கடப் படலையாகும். பிள்ளைகள் விளையாடும் இடம் முதியோர் அமரும் இடத்திலிருந்து தெரியுமாறு அமைந்தால், தனியான காவல் எதுவும் தேவைப்படாது.

பிற நகரங்களின் பாடம்

பிற நகரங்களில் வாழும் தமிழர் இதனை வேறு வடிவங்களில் அறிவர். சிங்கப்பூரில் குடிமக்களின் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வாழும் அரசாங்கத் தொடர்மாடிகளின் தரைத்தளம், எழுபதுகளிலிருந்து பெரும்பாலும் சுவரின்றி வெறுமையாக விடப்பட்டது. அவ்விடத்திலேயே மலாய்த் திருமணங்களும் சீன மரணச் சடங்குகளும் நடக்கின்றன; தமிழரின் செத்தவீடும் நடக்கின்றது. முன்னரே அனுமதி பெற வேண்டும். முடிந்ததும் துப்புரவாக்க வேண்டும். மூவினத்தாரும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் துக்கத்துக்கு மற்றவர் ஒதுங்கி வழிவிடப் பழகியமைக்கு அந்த வெற்றுத் தளமும் ஒரு காரணமாகும். ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் உயர்மாடிகளில் வாழத் தொடங்கிய ரொறன்ரோவில், உயரக் கட்டடங்களில் வளரும் பிள்ளைகளுக்கென மாநகர சபை 2020இல் தனியான வடிவமைப்பு நெறிகளை ஏற்றுக்கொண்டது. வீடு, கட்டடம், அயல் என மூன்று நிலைகளிலும் பிள்ளைக்கு என்ன தேவை என அது கேட்கின்றது. சிட்னியிலும் இக்கேள்வி கேட்கப்படலாம்.

எதிர்வாதங்கள்

பொதுவெளியைப் பற்றிப் பேசியதும் மூன்று எதிர்ப்புகள் எழுவதுண்டு. அவை புறக்கணிக்கத் தக்கவையல்ல.

முதலாவது செலவு. ஸ்ட்ராட்டாக் கட்டணம் ஏற்கெனவே பல குடும்பங்களை வருத்துகின்றது. நீச்சல் தடாகமும் உடற்பயிற்சிக் கூடமும் பெரும் பராமரிப்புச் செலவை உண்டாக்குவன என்பது மெய். ஆனால் இங்கு கோரப்படுவன வாங்கு, கைபிடி, நிழல், விளக்கு, மேசையுள்ள ஓர் அறை ஆகியனவே. இவை சூடாக்கிய தடாகத்தின் செலவில் ஒரு சிறு பகுதியும் ஆகா.

இரண்டாவது சத்தம். இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் தாதிக்கு, யன்னலுக்குக் கீழே உதைபடும் பந்து வேதனையே. வெஸ்ட்மீட் வைத்தியசாலைக்கு அண்மையிலுள்ள இக்கட்டடங்களில் அத்தகையோர் பலர். ஆகவே இடத்தையும் நேரத்தையும் வரையறுக்கும் விதி தேவை. அவ்விதி இல்லாதபோதே அயலவரிடையே பகை மூள்கின்றது.

மூன்றாவது, பொது இடத்தை ஓர் இனத்தார் தமதாக்கிக்கொள்வர் என்ற ஐயம். இதற்கும் நேர்மையாக விடையளிக்க வேண்டும். பென்டில் ஹில் கட்டடங்களில் தமிழர் மட்டும் வாழவில்லை. தமிழ்ப் பிறந்தநாள் விழாவுக்கு ஒரு நாள் கிடைத்தால், அதே உரிமை லெபனானியருக்கும் சீனருக்கும் நேபாளியருக்கும் கிடைக்க வேண்டும். எவருக்கும் திறந்திராத அறையைவிட, முறைவைத்து எல்லோருக்கும் திறக்கும் அறையே தமிழருக்கும் நன்மை தரும்.

காலியான கதிரைகள்

இவற்றையெல்லாம் தீர்மானிப்பது எவர்? கட்டியவர் விற்றுவிட்டுச் சென்ற பின், உரிமையாளர் அனைவரும் சேர்ந்த கழகமே கட்டடத்தின் அரசாங்கம். 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா முகாமைச் சட்டத்தின்படி அதன் பொதுக்கூட்டத்துக்கு வாக்குரிமையுள்ளோரில், அல்லது பங்குரிமையில், கால்பங்கினர் வந்திருந்தால் போதும். அரைமணி நேரம் காத்திருந்தும் அவ்வளவு பேர் வராவிடில், வந்திருப்போரையே போதுமானோர் எனத் தலைவர் அறிவிக்கலாம். நூறு வீடுகள் கொண்ட கட்டடத்தின் வாழ்வை ஐந்தாறு பேர் தீர்மானிப்பது இவ்வாறே. அந்தக் கூட்டத்துக்கான அழைப்பு பல தமிழ் வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடக்கின்றது.

மாநில அரசின் மாதிரி உபவிதிகள், உரிமையாளர் கழகம் ஒதுக்கிய பொது இடத்தில் பிள்ளைகள் விளையாடலாம் என்றே கூறுகின்றன. அவ்வாறான இடம் ஒன்று ஒதுக்கப்பட வேண்டுமென எவரும் கேட்காதபோது, "இங்கு விளையாடக் கூடாது" என்ற பலகை மட்டும் எஞ்சுகின்றது. செல்லப்பிராணிகளை முற்றாகத் தடைசெய்த உபவிதியை எதிர்த்து, டார்லிங்ஹர்ஸ்ட் ஹொரைசன் கட்டடத்தில் ஒரு குடும்பம் தமது நாய்க்காக மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று 2020இல் வென்றது. அதே மாநிலத்தில், பிள்ளைகளின் விளையாட்டுக்காக ஒரு பக்கப் பிரேரணை எழுதவும் தயங்கும் பெற்றோரை என்னவென்று சொல்வது?

வழி கடினமானதல்ல. வாக்குரிமையுள்ள எந்த உரிமையாளரும் செயலாளருக்கு எழுத்தில் அறிவித்து, தமது பிரேரணையை அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பிக்கலாம். கட்டணப் பாக்கி இருந்தால் வாக்களிக்க இயலாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். உபவிதியை மாற்றுவதற்கு, அளிக்கப்படும் வாக்குகளின் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேல் எதிர்ப்பு இருத்தலாகாது. எனவே அயலவரிடம் முன்னரே சென்று பேசுவது அவசியம். அப்பேச்சே பாதி வெற்றியாகும். எதிர்க்கதவு திறப்பது அப்போதுதான்.

வாடகைக்கு இருப்போருக்கு வாக்கு இல்லை. 2013 வரை படகில் வந்து, இன்றும் நிரந்தர முடிவின்றி இடைக்கால விசாவில் காலங்கழிக்கும் ஏதிலிகள் பலரும் இத்தொடர்மாடிகளில் வாடகைக்கு இருப்பவர்களே. ஒரே வீட்டை நால்வர் ஐவராகப் பகிர்ந்து வாழ்வோரும் அவர்களுள் உளர். எனினும் சட்டம் அவர்களை முற்றாக மறக்கவில்லை. அரைவாசிக்குக் குறையாத வீடுகள் வாடகைக்கு விடப்பட்டு, அவ்வாடகைகள் கழகத்துக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தால், வாடகையாளர் தம் பிரதிநிதி ஒருவரை நிர்வாகக் குழுவுக்கு நியமிக்கலாம். அவருக்கு வாக்கு இல்லாவிடினும் குரல் உண்டு. வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழ் உரிமையாளர்கள், வாடகை வருவாயை மட்டும் எண்ணாமல், அங்கே குடியிருக்கும் பிள்ளைகளுக்காகவும் வாக்களிக்கக் கடமைப்பட்டவர்கள்.

புதிய கட்டடங்களுக்கான விண்ணப்பங்கள் உள்ளூராட்சி சபைகளால் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, வரைபடத்தைப் படித்துக் கருத்துரைக்கவும் வாய்ப்புண்டு. இப்பணி இளையோருக்கே உரியது. பொறியியலும் கட்டடக்கலையும் சட்டமும் பயிலும் தமிழ் மாணவர் பலர் இப்புறநகர்களிலேயே வளர்ந்தவர்கள். பொதுவெளி எங்கே, அங்கே வெயில் எப்போது விழும், அம்மம்மா படியின்றி அங்கு செல்ல முடியுமா என்ற மூன்று கேள்விகளை அவர்கள் எழுதி அனுப்பினாலே போதுமானது.

கட்டணம் குறைந்த நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கான காத்திருப்பு பல பத்தாண்டுகளாக நீண்டுவிட்டது. அதனால் வருகையாளராகவோ, 2019இல் அறிமுகமான தற்காலிகப் பெற்றோர் விசாவிலோ வந்து, ஆண்டுக்கணக்கில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முதியோர் பலர். பிள்ளைகளின் நாவில் தமிழ் ஏறுவது பெரும்பாலும் அவர்கள் மூலமே. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை வாரத்தில் சில மணிநேரம் தருவதை, அவர்கள் நாள்தோறும் தருகின்றனர். அத்தகையவர் மூன்றாம் மாடியில் தொலைக்காட்சியின் முன் தனித்திருப்பதும், கீழே வெயிலில் அமர்ந்து நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் ஒன்றாகாது.

மேற்குச் சிட்னியில் தமிழர் உருவாக்கிய முதியோர் இல்லம் ஒன்றைக் களமாகக் கொண்டு சங்கரி சந்திரன் எழுதிய ஆங்கில நாவல், 2023இல் மைல்ஸ் பிராங்ளின் விருதைப் பெற்றது. ஒரே கூரையின் கீழ்ப் பலர் கூடி வாழும் கதை அவுஸ்திரேலிய இலக்கியத்தின் உயர்ந்த விருதை வென்றிருக்கின்றது. அத்தகைய வாழ்வு கதையிலும் முதியோர் இல்லத்திலும் மட்டும் கிடைப்பதாக இருத்தலாகாது.

சட்டம் கால்பங்கு நிலத்தை ஒதுக்கித் தந்துள்ளது. அந்நிலத்தின் விலை, வீடு வாங்கிய ஒவ்வொரு தமிழரின் கடனுக்குள்ளும் அடங்கியிருக்கின்றது. மாதந்தோறும் பணம் செலுத்தியும் கால் பதிக்காத அந்த நிலத்தை மீட்பதற்குப் போராட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பு வரும்போது, அதனைப் பிரித்துப் படித்து, ஒரு பிரேரணையை எழுதி, கூட்டத்தின் காலியான கதிரைகளில் ஒன்றில் சென்று அமர்ந்தால் போதும்.